மண்காத்த அம்மன்

அங்க தோண்டாதீங்க தம்பி. அங்க நல்லாத்தான் இருக்கும்.

அந்தப் பேரிக்கா மரத்தடியில நீங்க எத்தனை அடி போனாலும் செம்மண்ணுதான். கெட்டிச் செம்மண்ணு, கடப்பாரை போட்டா கை அதிரும். போன தடவை வந்த இன்ஜினியரும் அங்கதான் தோண்டுனாரு. மண்ணை எடுத்து உருட்டிப் பாத்து, பையில போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போயி, அருமையான மண்ணு, தாராளமாக் கட்டலாம்னு ரிப்போர்ட் குடுத்தாரு. அந்த ரிப்போர்ட்டுல ஒரு தப்பும் இல்லீங்க. தோண்டுன எடந்தான் தப்பு.

சித்த உக்காருங்க. ஆளுங்களையும் அப்பிடிப் போயி டீ குடிக்கச் சொல்லுங்க. பையனும் மருமகளும் ஸ்கேன் பாக்கக் கோத்தகிரி வரைக்கும் போயிருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு பேசணும். நீங்க படிச்சவரு, புரிஞ்சுக்குவீங்க.

நீங்க வந்ததும் செருப்பக் கழட்டிட்டுத்தான் அந்தக் கல்லுகிட்டப் போனீங்க. பாத்தேன். இவருமான்னு நெனச்சேன்.

எம் பேரு கதிரவன். அப்பா அம்மா வெச்ச பேரு கருப்பணசாமி. வயசுல நானா மாத்திக்கிட்டேன். மலைப் பஸ்சுல கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். கருப்புச் சட்டைக்காரன். டிரைவரு சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு வண்டிய எடுத்தாருன்னா, 'யோவ், பிரேக்கு புடிக்குதான்னு பாத்தியா மொதல்ல'ன்னு கேக்கறவன். ஒரு கோயில் வாசப்படி மிதிச்சதில்லை. எங்கல்யாணத்துல ஐயரு இல்ல, தாலி இல்ல. நாச்சம்மா, அதான் எம் பொண்டாட்டி, செத்தப்ப ஊரே பேசுச்சு, நான் ஒரு சடங்கு பண்ண விடல. இவ்வளவும் ஏன் சொல்றேன்னா, நான் பொய் சொல்ற ஆளு இல்லைன்னு உங்களுக்குத் தெரியணும்.

இப்ப அந்தச் சுவத்தப் பாருங்க. தடுப்புச் சுவரு. வயிறு தள்ளிருக்குதா இல்லியா? ஐப்பசி மழைக்கு முந்தி நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சு. தண்ணி வடியறதுக்குப் பைப்பு வெச்சிருக்கோமே, அதுல வர்ற தண்ணிய மோந்து பாருங்க. கருப்பா வருது. மக்குன கட்டை நாத்தம். செம்மண்ணுல இருந்து கருப்புத் தண்ணி வருமாங்க? நீங்கதான் படிச்சிருக்கீங்க, சொல்லுங்க. இக்கட்டால, இந்தப் பக்கமா வாங்க, பழைய வீட்டையும் புது ரூமையும் சேத்த எடம். அந்த விரிசல்ல விரல விடுங்க. போகுதுல்ல? போன வாரம் நகம் மட்டுந்தான் போச்சு.

அந்த ரூமுலதான் எம் மருமக படுத்திருக்கா. ஏழாம் மாசம்.

படுக்க வேண்டாம்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா. 'அம்மா பாத்துக்குவா மாமா'ங்கறா. எந்த அம்மா? நீங்க செருப்பக் கழட்டிட்டுப் போயிக் கும்புட்டீங்களே, அந்த அம்மா.

அது சாமி இல்ல தம்பி. அது எம் பொண்டாட்டியோட அம்மிக் குழவி.

சிரிக்காதீங்க. நெசமாத்தான். நாந்தான் வெச்சேன்.

முழுசாச் சொல்றேன். இந்த வீட்டு மேல ஓட்டுக்கூரை இருந்த காலத்துல பின்னால பள்ளம். மழை பேஞ்சா தண்ணி எறங்கற ஓடைப் பள்ளம். ரோட்டை அகலப்படுத்துனப்ப லாரிக்காரங்க மண்ணு கொட்ட எடம் இல்லாமத் திண்டாடுனாங்க. எல்லாரும் நம்ம பழக்கம். 'நம்ம வீட்டுப் பின்னால கொட்டுங்கய்யா'ன்னேன். மண்ணு மட்டுமா கொட்டுனாங்க? வேரோட பேத்தெடுத்த மரக்கட்டை, தாரு, ஒடஞ்ச குழாயி, எல்லாம். நாச்சம்மா மட்டும் சொன்னா, 'கீழ கெடக்கற கட்டையெல்லாம் மக்குச்சுன்னா மேல இருக்கறது உள்ள எறங்காதா'ன்னு. உனக்கென்ன தெரியும் போன்னுட்டேன். மேலாப்புல நல்ல மண்ணப் போட்டு மூடிக் கேரட்டு வெதைச்சேன். பள்ளம் இருந்த எடமே தெரியல. கண்டக்டரு மலையையே நெரவிட்டாருன்னு ஊருல பேசிக்கிட்டாங்க. அப்ப எம் பையன் எழிலன் கீழ ஹாஸ்டல்ல படிச்சிட்டிருந்தான். அவனுக்கு இங்க பள்ளம் இருந்ததே ஞாபகம் இல்ல.

அவன் கல்யாணம் முடிஞ்சு வீடு பத்தல. இருக்கறது ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு. 'அப்பா, பின்னால ஒரு ரூமு எடுக்கலாம். இல்லைன்னா கோயம்புத்தூருல வாடகைக்குப் போயிடறோம்'னான். போனாப் போகட்டும், எனக்கென்ன? நான் தனியா இருந்து பழகுனவன். சமைக்கத் தெரியும், துணி தொவைக்கத் தெரியும். சாயங்காலமானாப் பேச ஆளு இருக்காது, அவ்வளவுதான். டிவி இருக்குது. எனக்காக ஒண்ணும் நான் அவங்கள இருக்கச் சொல்லல. புள்ளைங்க நல்ல காத்துல இருக்கட்டுமேன்னு, 'இங்கயே கட்டுப்பா, எடமா இல்ல'ன்னு சொன்னேன்.

மருமக கோகிலா லேப்புல வேலை. ரத்தம் டெஸ்ட் பண்றவ. அவளுக்கு எதுன்னாலும் டெஸ்ட் பாக்கணும். 'மலைச்சரிவுல கட்டறோம், மண்ணப் பாக்காமக் கட்டக் கூடாது மாமா. ரத்தம் பாக்காம ஊசி போடுவாங்களா'ன்னா. கெட்டிக்காரப் பொண்ணு. நான் தேடிப் புடிச்ச பொண்ணாச்சே. மண்ணு சரியில்லைன்னு வந்தா என்னம்மா பண்ணுவீங்கன்னு கேட்டேன். 'கோயம்புத்தூர்தான் மாமா'ன்னா. சாதாரணமாத்தான் சொன்னா. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல.

டெஸ்ட்டுக்கு ஆளு வர்ற அன்னிக்குக் காலைல நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்.

அவங்க தோண்டறதுக்குக் குறிச்சு வெச்ச எடத்துல உண்ணிப் புதரு மண்டிக் கெடந்துச்சு. நான் வெட்டறேன்னு சொல்லிட்டு முன்னாலயே போனேன். சமையக்கட்டு மூலைல கெடந்த குழவிய எடுத்துட்டுப் போயி, நட்டமா மண்ணுல பாதி பொதைச்சேன். மஞ்சளத் தடவுனேன். நாச்சம்மா குங்குமச் சிமிழு பீரோவுல இருந்துச்சு, எனக்குத் தெரியாம வெச்சிருந்தா. உயிரோட இருந்தப்ப அதுக்காகவே அவளோட சண்டை போட்டிருக்கேன். அதுல இருந்து எடுத்து ஒரு பொட்டு. ஈர மண்ண அள்ளி மேல அப்பி, பழசு மாதிரி ஆக்கி, அப்பறம் சத்தம் போட்டேன். 'கோகிலா, இங்க என்னமோ கல்லு இருக்குது பாரும்மா.'

நான் அதைச் சாமின்னு சொல்லல தம்பி. அதை நீங்க கவனிக்கணும். கல்லு இருக்குதுன்னுதான் சொன்னேன். கல்லுதான இருந்துச்சு? இன்னிக்கு வரைக்கும் எம் வாயால சாமின்னு சொன்னதில்ல.

ஓடி வந்தா. பாத்தா. அவளுக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. கையக் காட்டுனா எங்கிட்ட. 'சாமியே இல்லைங்கற உங்க கைக்குக் கெடைச்சிருக்காளே மாமா'ன்னா. ஒரு நாளு கழிச்சு, புத்தி வந்தவன் மாதிரி எடுத்துப் போட்டுடலாம், அதுக்குள்ள டெஸ்ட்டு முடிஞ்சிரும்னு இருந்தேன்.

வந்த இன்ஜினியரும் செருப்பக் கழட்டுனாரு. 'சாமி எடத்துல கடப்பாரை போடக் கூடாது, எல்லாம் ஒரே மண்ணுதான, தள்ளித் தோண்டிக்கலாம்'னு அவராத்தான் சொன்னாரு. பேரி மரத்தடிய நான் காட்டுனேன், அவ்வளவுதான். எல்லாம் ஒரே மண்ணுதாங்களான்னு எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டாரு. ஆமாங்கன்னேன். படிச்சவரு அவரே சொல்லிட்டாரு, நான் எதுக்கு மறுத்துப் பேசணும்?

ரிப்போர்ட்டு வந்துச்சு. நல்ல மண்ணுன்னு. கோகிலா அதைக் கொண்டு போயிக் குழவி முன்னால வெச்சுக் கும்புட்டா. அன்னிக்குத்தான் பேரும் வெச்சா, மண்காத்த அம்மன்னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு தம்பி. நெசமாச் சொல்றேன், வந்துச்சு.

அப்பறந்தான் வெனை. கடைக்கால் எடுக்க மேஸ்திரி நூல் கட்டுனாரு. ரூமு பழைய சுவத்த ஒட்டி வரணும். அப்பிடி வந்தாக் குழவி ரூமுக்குள்ள மாட்டிக்கும். கோகிலா ஒத்துக்கவே இல்ல. 'அம்மா தலைக்கு மேல நாங்க எப்பிடி நடக்கறது'ன்னா. சரி, அம்மனைச் சுத்தி வாசலா முத்தம் விட்டு, ஒரு மூலைல மட்டும் பழைய வீட்டோட சேத்து, ரூமத் தள்ளிக் கட்டலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. எங்க தள்ளுவாங்க? சரிவுப் பக்கந்தான். பள்ளம் ஆழமா இருந்த பக்கம். அங்க மேல்மண்ணு கனமாப் போட்டிருந்ததால கடைக்காலுக்கு ஒரு கட்டைகூடத் தட்டுப்படல. மேஸ்திரி எங்கிட்டக் கேட்டாரு, 'ஏனுங்க, ரொம்ப ஓரமாப் போகுதே'ன்னு. ரிப்போர்ட்டு இருக்குதுல்லன்னு எழிலன் சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன். அப்பவே சொல்லிருக்கலாம். சிமெண்ட் மூட்டை எறங்கிட்டிருந்துச்சு, கோகிலா அன்னிக்கு அவ்வளவு சந்தோசமா இருந்தா. எல்லாருக்கும் பாயசம் வெச்சா. பாயசத்தக் குடிச்சுட்டு உக்காந்துட்டேன்.

அவளுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாளாக் கொழந்தை இல்லீங்க. எல்லா டெஸ்ட்டும் பாத்தாச்சு, எல்லாம் நார்மல்னு வந்துச்சு. நார்மல்னு வந்தா யாருகிட்டப் போயி அழுகறது? இங்க வந்து அழுதா. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வெளக்கு. ஒரு நாளு நான் பல்லு வெளக்கிட்டிருக்கேன், உள்ள இருந்து ஓடி வர்றா, எங்கிட்டச் சொல்றதுக்கு முந்தி குழவிகிட்டச் சொல்றா, 'அம்மா, குடுத்துட்டியே'ன்னு. நான் வாயில நொரையோட நிக்கறேன். துப்பக்கூட முடியல.

அதுக்கப்பறம் எப்பிடி எடுத்துப் போடறது? சொல்லுங்க.

மழை வந்துச்சு. விரிசல் வந்துச்சு. பூச்சு வேலை சரியில்லைன்னு எழிலன் சொன்னான். எனக்குத் தெரியும் அது பூச்சு இல்லைன்னு. நாலு நாளு பாத்தேன். அஞ்சாம் நாளு சோறு திங்கறப்பச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன் தம்பி. பள்ளம், லாரி, கட்டை, குழவி, மஞ்சளு, ஒண்ணு விடல. சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். என்ன திட்டுனாலும் வாங்கிக்கலாம்னு.

எழிலன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? சிரிச்சான்.

'ஆரம்பிச்சுட்டீங்களாப்பா'ங்கறான். 'நீங்க எந்தச் சாமியத்தான் கல்லு இல்லைன்னு சொல்லிருக்கீங்க? வீட்டுல அவ ஒரு வெளக்கு வெக்கறது உங்களுக்குப் பொறுக்கல.' டேய், மத்ததெல்லாம் எப்பிடியோ, இது நெசமாவே கல்லுடா, நாந்தான்டா வெச்சேன்னு கத்தறேன். கோகிலா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. 'மாசமா இருக்கறவ காதுல இதெல்லாம் போடாதீங்க மாமா'ன்னு அழுகறா. சரிடா, மண்ணச் சொல்றேனே, அதையாவது கேளுடான்னேன். 'ரிப்போர்ட்டு இருக்குதுப்பா. எவன் என்ன சொன்னாலும் ஆராய்ச்சி பண்ணுனதத்தான் நம்பணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான'ங்கறான்.

நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அவன் சொன்னதுல என்ன தப்பு?

விடல நான். அம்மியத் தூக்கிட்டு வந்து காட்டுனேன். 'பாரும்மா, குழவி இல்லாத அம்மி. குழவி எங்க போச்சு? அங்கதான் நிக்குது. ஒரு ஓரம் ஒடஞ்சு சிலும்பிருக்கும், போயிப் பாரு'ன்னேன். போயிப் பாத்தா. சிலும்பல் இருந்துச்சு. திரும்பி வர்றப்ப மொகமே வேற மாதிரி இருக்குது. 'அப்ப அத்தையேதான் அம்மனா வந்திருக்காங்க மாமா'ங்கறா.

சொல்லுங்க தம்பி, இதுக்கு மேல நான் எப்பிடி நிரூபிக்கறது? மேடை போட்டு எத்தனை ஊருல பேசிருக்கேன். எதிராளி வாயடைச்சுப் போயி நிப்பான். எம் மருமக முன்னால ஒரு குழவிய வெறுங்குழவின்னு நிரூபிக்க எனக்கு வக்கில்ல.

அதுல இருந்து பாவம், எனக்குச் சாமி கோவம் வந்துரக் கூடாதுன்னு எனக்காவும் சேத்து வெளக்கு வெக்கறா. ரெண்டாவது வெளக்கு இருக்குது பாருங்க, அது எனக்கு. தெனமும் காலைல எந்திரிச்சா அதுதான் கண்ணுல படுது. திட்டிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்.

மறுபடியும் மண்ணப் பாக்கலாம்னு நான் மன்றாடித்தான் உங்களக் கூட்டியாந்தது. 'மாமா மனசு சமாதானத்துக்காகப் பாக்கலாம்'னா கோகிலா. ஆனாக் கெளம்பறப்ப உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனா? எங்க வேண்ணாத் தோண்டுங்க, அம்மன் முத்தத்துல மட்டும் வேண்டாம்னு சொன்னால்ல? பள்ளத்துல ரூமு போக மிச்சம் இருக்கறதே அந்த முத்தந்தான். நீங்களும் தலைய ஆட்டிட்டுப் பேரி மரத்தடிக்குப் போறீங்க.

அதனாலதான் சொல்றேன், நான் குழவிய எடுத்துடறேன், நீங்க அந்த எடத்துலயே தோண்டுங்க. ரெண்டடி போனாப் போதும், தாரு தட்டுப்படும், அப்பறம் கட்டை. கடப்பாரை தானா உள்ள போகும். கண்ணால பாத்தா எழிலன் நம்பித்தான ஆகணும்?

ஏன், என்ன யோசிக்கறீங்க?

இவ்வளவு சொல்லியும் தொட மாட்டீங்களா? நாந்தான் வீட்டுக்காரன். எம் பேருலதான் எடம் இருக்குது. நான் சொல்றேன். உங்க ஆளுங்களக் கேளுங்க… வேண்டாம், கேக்க வேண்டாம். டீ குடிச்சிட்டு வந்து நிக்கறாங்களே, அவங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது. புள்ளத்தாச்சி கும்புடற எடம், கை வெச்சா நம்ம வீட்டுல ஏதாவது ஆயிருமோன்னு. நீங்க இன்ஜினியரு தம்பி! நீங்களுமா?

அந்தப் பொண்ணு சம்மதிக்கணும்ங்கறீங்க. சரி. நியாயந்தான். சம்மதிக்க மாட்டாளே. நாந்தான் சொல்றேனே, நான் எது சொன்னாலும் அவளுக்கு நான் சாமி இல்லைங்கறவன்.

என்ன சொன்னீங்க? அம்மனே உத்தரவு குடுத்தாத்தான் எடம் மாத்துவாங்களா? உங்க ஊருல அப்பிடித்தான் பண்ணுனாங்களா? யாருக்கு உத்தரவு வரும்? வீட்டுப் பெரியவங்களுக்கா. கனவுலயா.

ஓ.

இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. இத்தனை வயசு வரைக்கும்… ஒண்ணும் இல்ல.

காரு சத்தம் கேக்குதே. வளைவுல வந்துட்டாங்க. நம்ம காருதான்.

தம்பி, குழவி முன்னால இருக்கற அந்தத் தட்டை இப்பிடி எடுங்க. திருநீறு தட்டு. எத்தனை விரல்ல எடுக்கணும்? மூணா? கட்டைவிரலு சேத்தியா? எனக்குப் பூசிப் பழக்கமில்ல, நீங்க பூசி விடுங்க. நல்லாப் பட்டையா. போதுமா? அவளுக்குத் தூரத்துல இருந்தே தெரியணும்.

வாம்மா கோகிலா. மெதுவா எறங்கு. எழிலா, கையப் புடிச்சுக்கோ. டாக்டரு என்ன சொன்னாங்க? நல்லா இருக்குதா? சரிம்மா. சரி.

நெத்தியா? ஆமாம்மா. திருநீறுதான்.

உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். காலைல இருந்து எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன். இன்னிக்கு விடியக்காலைல அம்மா எங்கனவுல வந்தா. ஆமாம்மா, மண்காத்த அம்மன்தான். மஞ்சச் சேலை. 'எனக்குக் கீழ கட்டையும் தாருமாக் கெடக்குது, மூச்சு முட்டுது, என்னைத் தூக்கிப் பேரி மரத்தடியில வையி. நான் இருந்த எடத்தத் தோண்டி என்ன கெடக்குதுன்னு எல்லாருக்கும் காட்டு'ன்னா. தெளிவாச் சொன்னா.

ஐயோ, அழுகாதம்மா. கால்ல எல்லாம் விழக் கூடாது, வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு. எந்திரிம்மா. எழிலா, அவளத் தூக்குடா. எங்கால்ல வேண்டாம்மா, வேண்டாம்.

வேறயா? வேற சொன்னா. அந்த ரூமுல நீங்க இனிப் படுக்கக் கூடாதுன்னா. இன்னிக்கே சாமானையெல்லாம் வெளிய எடுத்துரச் சொன்னா. ரெண்டு பேரும் கோயம்புத்தூருக்கே போயிடுங்கன்னா. நானா? நான் இங்கயே இருக்கணுமாம். அவளுக்குத் தொணை வேணும்ல.

அம்மாவுக்குக் கோவமான்னா கேக்கற? உம்மேல இல்லம்மா. எம்மேலதான்.